பழைய மைதானங்களும் டாம் டோக்கும்: கோல்ஃப் நில வடிவமைப்பில் ஒரு கொள்கை விவாதம்

டென்னிஸ் ஆடுகளத்தின் நீள அகலங்களை விதிப்புத்தகமே வரையறுத்துவிடுகிறது. கோல்ஃப் விளையாட்டிலோ, பந்து சென்று விழ வேண்டிய குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பதற்கு அப்பால், ஆடப்படும் நிலத்தின் வடிவத்தைப் பற்றி விதிகள் ஏறத்தாழ மௌனமாகவே இருக்கின்றன. முதல் அடி அடிக்கப்படும் டீ, அங்கிருந்து நீளும் ஃபேர்வே என்னும் மட்டமாக வெட்டப்பட்ட புல்வெளி, அதன் முடிவில் குழியைத் தாங்கி நிற்கும் கிரீன், இடையிடையே பங்கர் எனப்படும் மணற்குழிகள் ஆகியவை சேர்ந்த ஓர் அலகு ஹோல் எனப்படும். பதினெட்டு ஹோல்கள் சேர்ந்தது ஒரு மைதானம். அவற்றை எந்த நிலத்தில் எந்தத் திசையில் எவ்வளவு அகலத்தில் அமைப்பது என்பது முழுக்க முழுக்க வடிவமைப்பாளரின் தீர்ப்புக்கு விடப்பட்டிருப்பதால், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் செய்த தீர்ப்பை இன்று வரும் இன்னொருவர் மதிப்பதா, திருத்துவதா, அழித்துப் புதிதாக எழுதுவதா என்ற கேள்வி வேறெந்த விளையாட்டிலும் இல்லாத கூர்மையோடு கோல்ஃபில் எழுகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கேள்வியை விடாமல் எழுப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் டோக்.

1961இல் பிறந்த டோக், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக்கலை பயின்று, அப்பல்கலைக்கழகம் வழங்கிய உதவித்தொகையின் துணையால் 1982இல் பிரிட்டனுக்குச் சென்று, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் கேடியாகச் சில மாதங்கள் பணிபுரிந்தபின், ஓராண்டு காலம் பிரிட்டன், அயர்லாந்து மைதானங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு குறிப்பெடுத்தவர். பிறகு பீட் டை என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் கட்டுமானக் குழுக்களில் தொழில் கற்று, மிச்சிகன் மாநிலத்தில் 1989இல் திறக்கப்பட்ட ஹை பாயிண்ட் மூலம் தனிப்பெயர் பெற்றார். 1992இல் வெளிவந்த அவரது வடிவமைப்பு நூல் ஒரு பாடநூலுக்குரிய நிதானம் கொண்டது. ஆனால் நண்பர்களுக்கென முதலில் தனிச்சுற்றாக வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய மைதான வழிகாட்டி நூல், உலக மைதானங்களைப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோலில் மதிப்பிட்டு, வாழும் வடிவமைப்பாளர்களின் வேலையையும் தயவுதாட்சண்யமின்றிக் குறைகூறியது. சக வடிவமைப்பாளரைப் பொதுவில் விமர்சிக்கக்கூடாது என்ற எழுதப்படாத மரபைக் கொண்டிருந்த அத்தொழிலில் இது பெரும் மனத்தாங்கலை விளைவித்தது. இயற்கை அமைப்பைச் சிதைத்துச் செயற்கை அழகைத் திணித்த மைதானங்களுக்கே பூஜ்யம் ஒதுக்கப்பட்டது என்பதில் டோக்கின் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

அக்கொள்கையின் வேர் கோல்ஃப் வடிவமைப்பின் பொற்காலம் எனப்படும் 1910 முதல் 1930களின் தொடக்கம் வரையிலான காலத்தில் உள்ளது. அலிஸ்டர் மெக்கென்சி, டொனால்ட் ராஸ், சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், டில்லிங்ஹாஸ்ட் போன்றோர் அப்போது வகுத்த கோட்பாடு, ஆட்டக்காரரைத் தண்டிப்பதைவிட அவரைச் சிந்திக்கவைப்பதே தடைகளின் வேலை என்பது. மருத்துவராகப் பயின்ற மெக்கென்சி, தென்னாப்பிரிக்கப் போரில் போயர் படையினர் நிலத்தோடு நிலமாக மறைந்து போரிட்டதைக் கவனித்து, செயற்கையாகக் கட்டப்பட்ட மேடு இயற்கையானதாகவே தோன்ற வேண்டும் என்ற பாடத்தை அங்கிருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்தார் என்பது இத்துறையின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி. பெருமந்தமும் இரண்டாம் உலகப்போரும் இப்பரம்பரையை அறுத்தன. போருக்குப்பின் கைக்கெட்டிய கனரக மண்வெட்டி இயந்திரங்கள் எந்த நிலத்தையும் எந்த வடிவத்துக்கும் கொண்டுவரும் வல்லமையைத் தந்தபோது, நிலத்தைத் தேடுவதற்குப் பதிலாக நிலத்தைச் செய்வதே வழக்கமாயிற்று. 1951ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டிக்காக மிச்சிகனின் ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானத்தை ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் திருத்தியமைத்து, ராஸ் அகலமாக விட்டிருந்த ஃபேர்வேக்களைப் பந்து விழும் தொலைவில் இருபுறமும் பங்கர்களால் நெருக்கியதை அந்தக் காலமாற்றத்தின் முத்திரை நிகழ்வாகக் கொள்வர். அதே ஓக்லண்ட் ஹில்ஸை, தொடக்க காலத்தில் டோக்கிடம் பணியாற்றிய கில் ஹான்ஸ் என்பவர் ராஸின் வடிவத்தை நோக்கி மீட்டெடுத்து 2021இல் திறந்தார் என்பது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும்.

டோக்கின் முறை, குறைந்தபட்ச மண்வேலை என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. முதன்மையான அம்சங்கள் நிலத்திலேயே ஏற்கனவே அமைந்திருக்கும் ஹோல்களை எத்தனை கண்டுபிடிக்க முடியுமோ அத்தனை கண்டுபிடித்து, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நடைத்தடத்தை வகுப்பதே முதல் வேலை. ரௌட்டிங் எனப்படும் இந்தத் தடவரைவு சரியாக அமைந்துவிட்டால் பின்னால் இயந்திரத்துக்கு வேலை குறைவு. ஓரிகான் மாநிலக் கடற்கரையில் பாண்டன் என்ற இடத்தில் மைக் கைசர் என்பவருக்காக அமைக்கப்பட்டு 2001இல் திறக்கப்பட்ட பசிபிக் டூன்ஸ் இதற்குச் சிறந்த சான்று. குழிக்குள் பந்தைச் சேர்க்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை பார் எனப்படும். ஒன்பது ஹோல்கள் கொண்ட ஒரு பாதியில் இரண்டு பார்-3, இரண்டு பார்-5, மீதம் பார்-4 என்பது ஏறத்தாழ மாற்றமுடியாத வாய்பாடாகவே பல பத்தாண்டுகள் பின்பற்றப்பட்டது. பசிபிக் டூன்ஸின் இரண்டாம் பாதியிலோ நான்கு பார்-3, மூன்று பார்-5, இரண்டே பார்-4 உள்ளன; பத்தாம், பதினோராம் ஹோல்கள் இரண்டும் அடுத்தடுத்து பார்-3. சராசரி வடிவமைப்பாளர் ஒருவர் வாய்பாட்டுக்காக அந்த மணல்மேடுகளில் ஒன்றைச் சரித்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை. எண்ணிக்கைக்காக நிலத்தை வளைக்காமல் நிலத்துக்காக எண்ணிக்கையை வளைத்த இந்தத் துணிவு புதுமையாகப் பாராட்டப்பட்டபோதிலும், பழைய ஸ்காட்டிஷ் மைதானங்களில் இது இயல்பாகவே இருந்த ஒன்று.

டோக் பழைய மைதானங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு ஹோலை அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தின் பதினைந்தாம் ஹோல், கிரிமியப் போரின் கோட்டையரண் ஒன்றின் பெயரால் ரெடான் என்று அழைக்கப்படுகிறது. சற்றேறக்குறைய 190 கெஜம் நீளமுள்ள இந்தப் பார்-3இல் கிரீன் ஆட்டக்காரருக்கு நேர்முகமாக நிற்காமல் ஒரு முகட்டின்மேல் குறுக்குச் சாய்வாகக் கிடக்கிறது. அதன் முன்-வலது மூலை உயர்ந்தும் பின்-இடது மூலை தாழ்ந்தும் இருப்பதால் தளம் ஆட்டக்காரரை விட்டு விலகிச் சரிகிறது. இடது முகப்புக்குக் கீழே ஆழமான பங்கர் ஒன்று வாய்பிளந்து கிடக்கிறது. குழியை நேராகக் குறிவைத்து உயரமாக அடிப்பவரின் பந்து பங்கரைத் தாண்டினாலும் சரிவில் நில்லாமல் பின்னால் ஓடிவிடும். வலது தோளில் பந்தைத் தாழ்வாக இறக்கி, நிலத்தின் சாய்வே அதைக் குழியை நோக்கி உருட்டிச் செல்லும்படி விடுபவருக்கு வழி திறக்கிறது. வலிமை குறைந்தவர் முகப்பில் பாதுகாப்பாக நின்று இரண்டாம் அடியில் அணுகலாம். மூவருக்கும் வெவ்வேறு விடையுள்ள ஒரே கேள்வியாக இருப்பதால்தான் இந்த ஹோலை மெக்டொனால்ட் லாங் ஐலண்டில் தம் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் மறுபடைப்புச் செய்தார். அவரைப் பின்பற்றி அமெரிக்காவெங்கும் எண்ணற்ற ரெடான்கள் எழுந்தன. இந்த விடை பலிப்பதற்கு உலர்ந்த, இறுகிய தரை இன்றியமையாதது. மிகையாக நீர்ப்பாய்ச்சிப் பசுமை காட்டும் மைதானத்தில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நின்றுவிடும் என்பதால் ரெடான் அங்கே வெறும் சாய்ந்த கிரீனாகச் சுருங்கிவிடுகிறது. பழுப்பேறிய புல்லைக் குறையாகக் கருதாத டோக்கின் போக்குக்குக் காரணம் இதுவே; தண்ணீர்ச் செலவு குறைகிறது என்பது உபரி லாபம்.

பழைய மைதானங்களுக்கு நேர்ந்த மாற்றங்களில் அதிகம் பேசப்படுவது நீளம். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் டீயிலிருந்து அடிக்கப்படும் பந்து 1980இல் சராசரியாக 257 கெஜம் சென்றது. இன்று அது 300 கெஜத்தைத் தொட்டு நிற்கிறது. புகழ்பெற்ற மைதானங்கள் இதனை ஈடுகட்ட டீக்களைப் பின்னோக்கித் தள்ளின. 1933இல் திறக்கப்பட்ட ஆகஸ்டா நேஷனல் இப்போது 7,500 கெஜத்துக்கும் அதிகம். ஆயினும் நீளத்தைவிட அதிகக் கேடு விளைவித்தது கிரீன்களின் வேகம் என்றே சொல்ல வேண்டும். ஸ்டிம்ப்மீட்டர் என்னும் எளிய சாய்கோலிலிருந்து விடப்பட்ட பந்து எத்தனை அடி உருளுகிறது என்பதே வேகத்தின் அளவு. 1970களில் அமெரிக்க மைதானங்களில் ஆறேழு அடியாக இருந்த அது, இன்றைய பெரும் போட்டிகளில் பன்னிரண்டையும் தாண்டுகிறது. அந்த வேகத்தில் மூன்று சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் குழி வைத்தால் பந்து நிற்பதே அரிது. மெக்கென்சியும் ராஸும் மெதுவான புல்லை மனத்தில் கொண்டு செதுக்கிய செங்குத்தான வளைவுகள் இவ்வாறு பயனற்றுப்போக, குழி வைக்க இடம் தேடும் கழகங்கள் கிரீன்களையே மட்டப்படுத்தத் தொடங்கின. புல்லைச் சற்று நீளமாக விட்டால் தீரக்கூடிய சிக்கலுக்கு மண்ணை வெட்டுவது விடையாகாது என்பது டோக் போன்றோரின் வாதம். அதை மறுப்பது கடினம்.

இவ்வாதம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட களம் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ். எந்த ஒருவராலும் வடிவமைக்கப்படாமல், நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டக்காரர்களின் கால்களாலும் ஆடுகளாலும் காற்றாலும் உருவான அந்த மைதானத்தில் ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு ஹோல்களுக்குப் பொதுவானவை. அந்நிலத்தை மெக்கென்சி 1924இல் அளந்து வரைந்த படம் இன்றும் வடிவமைப்பாளர்களின் வழிகாட்டியாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு முன்னோடியாக 2012 நவம்பரில், மார்ட்டின் ஹாட்ரி என்னும் வடிவமைப்பாளரின் ஆலோசனைப்படி அங்கே சில மாற்றங்கள் அறிவிக்கப்பட்டு உடனடியாகத் தொடங்கப்பட்டன: பதினேழாம் ஹோலின் புகழ்பெற்ற ரோட் பங்கர் சற்று அகலப்படுத்தப்பட்டது, பதினோராம் கிரீனின் பின்-இடதுபுறச் சரிவு, வேகமான புல்லில் அங்கே குழி வைக்க இயலவில்லை என்ற காரணத்தால், தணிக்கப்பட்டது. வடிவமைப்பாளர் சங்கங்களுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி எதிர்ப்புத் திரட்டியவர் டோக். மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறியவை, மைதானம் முன்பும் பலமுறை மாறியிருக்கிறது என்ற மறுமொழியில் உண்மை இல்லாமலில்லை. பதினோராம் கிரீனைப் பொறுத்தவரை மாற்றத்தை ஆதரித்தவர்களின் வாதமே வலுவானது என்றும் சொல்ல இடமுண்டு, ஏனெனில் குழி வைக்க முடியாத மூலை ஆட்டத்துக்கு இல்லாத மூலையே. ஆனால் நூற்றைம்பதுக்குச் சற்று மேற்பட்ட போட்டியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நான்கு நாட்கள் ஆடுவதற்காக, ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் ஆடும் நிலத்தைத் திருத்துவது யாருக்காக என்ற கேள்விக்கு அந்த மறுமொழியில் விடை இல்லை. 2015 போட்டியின் சனிக்கிழமையன்று பலத்த காற்றில், அதே பதினோராம் கிரீனில் பந்துகள் தாமாகவே உருண்டதால் ஆட்டம் பத்து மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தப்பட்டது. சரிவைத் தணித்த பிறகும் வேகம் தன் வேலையைக் காட்டிவிட்டது.

தொட வேண்டாம் என்று சொல்பவரே இன்னொருபுறம் பழைய மைதானங்களைத் தொட்டுத் திருத்தும் தொழிலையும் செய்கிறார் என்பது முரண்போலத் தோன்றலாம். டோக்கின் நிறுவனம் கலிபோர்னியாவின் பசாடியெம்போ, நியூயார்க்கின் கார்டன் சிட்டி, மெல்பர்னின் ராயல் மெல்பர்ன் உள்ளிட்ட பல மைதானங்களில் மீட்புப் பணியாற்றியிருக்கிறது. இம்மைதானங்கள் பெரும்பாலும் ஒரே அவசரமான திருத்தத்தால் கெடவில்லை. மெல்ல மெல்ல, யாரும் முடிவெடுக்காமலேயே கெட்டவை. புல்வெட்டும் இயந்திரம் மூலைகளில் திரும்பும்போது ஆண்டுக்குச் சில அங்குலம் என்று கிரீன் சுருங்குகிறது. கழகத் தலைவர் ஒருவர் நட்ட மரங்கள் ஐம்பது ஆண்டில் ஃபேர்வேயின் பாதியை மூடுகின்றன. பங்கரிலிருந்து அடிபட்டுத் தெறிக்கும் மணல் விளிம்பில் படிந்து அதன் உருவத்தையே மாற்றுகிறது. ஆகவே பழைய வான்வழிப் புகைப்படங்களும் திறப்புவிழாக் காலத்துப் படங்களும் இங்கே மூலச் சான்றுகளாகின்றன. 1929இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் ஆடித் திறந்துவைத்த பசாடியெம்போவின் ஆறாம் ஃபேர்வே ஓரத்திலேயே மெக்கென்சி இறுதி ஆண்டுகளில் வாழ்ந்து 1934இல் மறைந்தார் என்பதால் அங்கே அவரது எண்ணத்துக்குச் சான்று ஏராளம். கார்டன் சிட்டியின் பன்னிரண்டாம் ஹோலில், கிரீனுக்குள்ளேயே எழுந்து நின்ற விசித்திரமான மேடுகளை அழித்து வைத்திருந்த நவீன கிரீனை நீக்கி, பழைய மேடுகளை டோக் திரும்பவும் எழுப்பினார். அழகியல் நோக்கில் அவை அசட்டுத்தனமானவை என்று சொல்பவரும் உண்டு. அந்த அசட்டுத்தனம் மைதானத்தின் பிறப்புரிமை என்பது மீட்பாளரின் நிலை.

இங்கே எழும் கடினமான கேள்வி, எந்த ஆண்டுக்கு மீட்பது என்பது. பாடபேதங்கள் மலிந்த ஏட்டுச்சுவடிகளிலிருந்து மூலபாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியரின் சங்கடம் மைதான மீட்பாளருக்கும் உண்டு. ராயல் மெல்பர்னுக்கு மெக்கென்சி 1926இல் ஒரு குறுகிய வருகை மட்டுமே தந்தார். மேற்கு மைதானத்தை உண்மையில் மண்ணில் செதுக்கியவர்கள் அலெக்ஸ் ரஸலும் மைதானப் பராமரிப்பாளர் மிக் மார்கமும். அந்நிலையில் மெக்கென்சியின் எண்ணம் என்று எதைச் சொல்வது? தம் சொந்த மைதானங்களிலும் முழுமையான வரைபடங்களைவிட, புல்டோசர் ஓட்டிக்கொண்டே வடிவம் கொடுக்கும் உடனுழைப்பாளர்களின் கண்ணையும் கையையும் அதிகம் நம்புபவர் டோக் என்பதால், ஒரே ஆசிரியர் என்ற புனைவின் பலவீனத்தை மற்றவர்களைவிட அவர் நன்கறிவார். ஆயினும் மீட்புத்துறையில் பெரும் பெயர்களின் முத்திரையே விலைபோகிறது. ராஸின் பெயரைச் சொல்லிச் செய்யப்படும் திருத்தங்களில் சில ராஸ் கனவிலும் காணாதவை.

டோக்கின் கொள்கைமீது வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு, நல்ல மணல்மேட்டு நிலம் கிடைத்தவருக்குத்தான் குறைந்த மண்வேலை வாய்க்கும் என்பது. டாஸ்மேனியாவின் பார்ன்பூகிள், நியூசிலாந்தின் தாரா இதி போன்ற அவரது சிறந்த படைப்புகள் தொலைதூரக் கடற்கரைகளில், செலவழிக்க வசதியுள்ளவர்கள் மட்டுமே எட்டக்கூடியவையாக இருப்பது உண்மை. டெக்சஸின் லப்பக்கில் தட்டையான பருத்திக்காட்டில் ரால்ஸ் மைதானத்தை அமைத்தபோது அவரும் பெருமளவு மண்ணைப் பெயர்த்தே ஆக வேண்டியிருந்தது. மறுபுறம், ஹூஸ்டன் நகராட்சிக்குச் சொந்தமான மெமோரியல் பார்க்கை 2019இல் திருத்தியமைத்தபோது பங்கர்களைச் சுமார் இருபதாகக் குறைத்து, தடைகளுக்குப் பதிலாகக் கிரீன்களின் சுற்றுச்சரிவுகளை நம்பினார். தொழில்முறைப் போட்டி நடக்கும் அதே நிலத்தில் மற்ற நாட்களில் ஊர்மக்கள் ஆடுகின்றனர். கடற்கரை ஓவியங்களைவிட இதுவே அவரது கொள்கையின் நேர்மையான பரீட்சை.

எல்லாவற்றையும் தலைகீழாக்கிப் பார்க்கவைப்பது லைடோ. லாங் ஐலண்டின் சதுப்புநிலத்தில் சுமார் 20 லட்சம் கன கெஜம் மணலை நீருக்கடியிலிருந்து இறைத்து நிரப்பி மெக்டொனால்டும் அவரது பொறியாளர் சேத் ரேய்னரும் கட்டி 1917இல் திறந்த அந்த மைதானம், உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்றென மதிக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் கைக்குப் போய் அழிந்தது. பீட்டர் ஃப்ளோரி என்னும் ஆர்வலர் பழைய புகைப்படங்களைக் கொண்டு கணினி விளையாட்டொன்றில் அதனை அங்குலம் அங்குலமாக மீட்டுருவாக்கம் செய்ய, அந்த எண்மத் தரவைச் செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் இயங்கும் புல்டோசர்களுக்கு ஊட்டி, விஸ்கான்சின் மாநிலத்தின் சாண்ட் வேலியில் டோக் குழுவினர் அதை மண்ணில் வடித்து 2023இல் திறந்தனர். கடலே இல்லாத உள்நாட்டில் ஒரு கடற்கரை மைதானம். நிலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர் என்று பெயர்பெற்றவர், நிலம் சொல்வதைக் கேளாமல் ஒரு கோப்பின் கட்டளையை நிறைவேற்றிய மைதானம். இதைத் துரோகம் என்று கொள்வது அவசரத் தீர்ப்பு. மூல லைடோவே முழுச் செயற்கை என்பதையும், மெக்டொனால்ட் அதற்குள் ரெடான் உள்ளிட்ட பழைய கேள்விகளை மீண்டும் எழுப்பியிருந்ததையும் நினைத்துப் பார்த்தால், டோக்கின் பற்று இயற்கைமீது என்பதைவிட ஆட்டக்காரரிடம் கேட்கப்படும் கேள்விமீது என்பது புலனாகும். குறைந்த மண்வேலை அவருக்கு ஒரு வழி, பெரும்பாலான நிலங்களில் சிறந்த வழி, அவ்வளவே. 2010இல் பாண்டனில் ஜிம் அர்பினாவுடன் சேர்ந்து அமைத்த ஓல்ட் மெக்டொனால்டில், மெக்டொனால்டின் ஹோல்களை நகலெடுக்காமல் அவற்றின் கருத்தை மட்டும் வேறு நிலத்தில் பொருத்திப் பார்த்ததை லைடோவுக்குப் பக்கத்தில் வைத்தால், நகலும் விளக்கவுரையும் என இரு வேறு மரியாதைகளையும் ஒரே மனிதர் செய்து காட்டியிருப்பது தெரியவரும். இரண்டில் ஓல்ட் மெக்டொனால்டே வளமானது. லைடோ வியக்கவைக்கிறது, ஆனால் அடுத்து வருபவருக்கு அதில் கற்க வேண்டியது ஏற்கனவே மெக்டொனால்டிடம் இருக்கிறது.

டோக்கின் முதல் மைதானமான ஹை பாயிண்ட் வணிகரீதியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 2008இல் மூடப்பட்டு, அதன் ஒரு பகுதியில் பீர் தயாரிப்புக்கான ஹாப்ஸ் கொடிகள் பயிரிடப்பட்டன. புதிய உரிமையாளர் நிலத்தை வாங்கியபின் டோக்கே திரும்ப வந்து, எஞ்சிய பழைய ஹோல்களை மீட்டு, இழந்தவற்றுக்குப் பதிலாகப் பக்கத்து நிலத்தில் புதியவற்றைச் சேர்த்து 2024இல் மீண்டும் திறந்தபோது, மற்றவர்களின் மைதானங்களில் அவர் இத்தனை காலம் கேட்டுவந்த எந்த ஆண்டுக்கு மீட்பது என்ற கேள்வி, இளம் வயதில் தாமே எடுத்த முடிவுகள்மீது எழுந்தது. இம்முறை ஆசிரியரின் எண்ணம் என்ன என்பதைப் பழைய புகைப்படத்திலிருந்து ஊகிக்கத் தேவையிருக்கவில்லை. எனினும் ஹாப்ஸ் கொடிகள் படர்ந்த பகுதியைத் திரும்பப் பெற முடியாத நிலையில், பாதி மீட்பும் பாதிப் புதுப்படைப்புமாக அமைந்த ஒரு மைதானத்தையே அவரால் தர முடிந்தது.